ஒரே தெரு, ஒரே வருஷம், ரெண்டு மகளிர் குழு: ஒண்ணு நிக்குது, ஒண்ணு உடைஞ்சிடுச்சு. ஏன்?

வத்தல்மலை:
வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்கற விஷயம், இங்க கேட்டுடலாம்னு வந்தேன், கொஞ்சம் நீளமா போகும்.

எங்க ஊரு தர்மபுரி பக்கம். தமிழ்நாட்டுல மகளிர் குழுங்கறது அரசாங்கத் திட்டமா மொதல்ல ஆரம்பிச்சதே எங்க மாவட்டத்துலதான், 1989ல, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் கொடுத்த பணத்துல, அப்ப கிருஷ்ணகிரியும் எங்க கூடவேதான் இருந்துச்சு. அதுக்கப்புறம் மகளிர் திட்டம் வந்த காலத்துல எங்க தெருவுல ஒரே வருஷம் ரெண்டு குழு ஆரம்பிச்சாங்க. ரெண்டுக்கும் அதே தொண்டு நிறுவனம், அதே ட்ரெயினிங், அதே பேங்க். ஒண்ணு எங்கம்மா இருக்கற குழு, இன்னிக்கும் ஓடுது, அதுல வந்த கடன்ல மாடு வாங்கினவங்க, பொண்ணை நர்ஸிங் படிக்க வச்சவங்க, போர் போட்டவங்க எல்லாம் இருக்காங்க. இன்னொண்ணு சில வருஷத்துலயே உடைஞ்சு, அதுல இருந்தவங்க சில பேர் இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர் வீட்டு விசேஷத்துக்கு ஒருத்தர் போறதில்ல.

விஷயம் என்னன்னா உடைஞ்ச குழுவுலதான் எல்லாரும் சொந்தக்காரங்க. நாத்தனார், ஓரகத்தி, சித்தி பொண்ணுன்னு அவ்வளவு பேரும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. அம்மா குழுவுல பாதிப் பேருக்கு ஆரம்பத்துல முகப் பழக்கம் மட்டும்தான், ரெண்டு பேரு தண்ணிக்குழாய்ல சண்டை போட்டு பேசாம இருந்தவங்க.

நான் பார்த்த வரைக்கும் வித்தியாசம் கணக்கு. அம்மா குழுவுல கூட்டம்னா நோட்டை நடுவுல வச்சு, போன வாரம் கையிருப்பு இவ்வளவு, இந்த வாரம் சந்தா இவ்வளவு, யாரு எவ்வளவு உள்கடன் வாங்கியிருக்கா, எவ்வளவு பாக்கின்னு சத்தமா படிப்பாங்க. எழுதறவங்க ஒருத்தர், பணத்தை எண்றவங்க வேற ஒருத்தர். பொட்டி ஒரு வீட்டுல இருக்கும், சாவி இன்னொரு வீட்டுல இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருத்தங்க இருந்தாங்க, அவங்க விரல்ல எண்ணி மனசுலயே வச்சிருப்பாங்க, நோட்டுல தப்பு வந்தா "இல்ல, அது போன மாசமே குடுத்துட்டா"ன்னு டக்குன்னு பிடிப்பாங்க. அந்த இன்னொரு குழுவுல நோட்டு ஊக்குநர், அதாவது குழுவை முன்ன நின்னு நடத்தறவங்க, வீட்டுலயே கிடந்துச்சு. யாரும் கேட்கல, ஏன்னா கேட்டா "என்ன, என் மேல நம்பிக்கை இல்லையா"ன்னு வரும், சொந்தக்காரங்க ஆச்சே. பேங்க்ல போய் பாஸ்புக்கை எழுதி வாங்குன அன்னிக்குத்தான் கணக்கு இடிக்குதுன்னு தெரிஞ்சுது.

ஒத்துமை இருந்தா குழு நிக்கும்னு மேடையில பேசறாங்க. என் கண்ணுக்கு அது தலைகீழா தெரியுது: கணக்கு ஒழுங்கா இருந்துச்சு, அதனால ஒத்துமை வந்துச்சு. குடும்பத்துக்கும் ஆபீஸ் டீமுக்கும் கூட இதே தானோன்னு தோணுது. உங்க அனுபவம் என்ன?

கரைவலை:
நல்ல இழை. நான் நாகப்பட்டினம் பக்கம் கடக்கரை ஊரு, அப்பா ஃபைபர் போட்டுல தொழிலுக்குப் போனவரு, நானும் படிக்கற காலத்துல லீவுல போயிருக்கேன்.

எங்க பக்கம் போட்டு கரைக்கு வந்ததும் மீனு ஏலம் போகும், எல்லாரும் நிப்பாங்க, என்ன விலைக்குப் போச்சுன்னு கூலிக்காரன் காதுலயும் விழும் முதலாளி காதுலயும் விழும். அதுல டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழிச்சு மிச்சத்தைப் பங்கு போடுவாங்க. ஆளுக்கு ஒரு பங்கு, அப்புறம் போட்டுக்கு, எஞ்சினுக்கு, வலைக்குன்னு தனித்தனி பங்கு. எந்தக் கணக்குல பிரிக்கறதுங்கறது ஊருக்கு ஊரு மாறும், விசைப்படகுன்னா முதலாளிக்குப் போறது இன்னும் ஜாஸ்தி. ஆனா பங்கு என்னன்னு கடலுக்குப் போறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் தெரியும். மீனே இல்லாத நாள்ல எல்லாருக்கும் ஒண்ணும் இல்ல, மீன் பட்ட நாள்ல எல்லாருக்கும் உண்டு. நடுக்கடல்ல வலை எஞ்சின் விசிறியில சுத்திக்கிச்சுன்னா யாரு குதிக்கறதுன்னு அங்க யாரும் பேச்சு வார்த்தை நடத்த மாட்டாங்க, பக்கத்துல இருக்கறவன் குதிச்சிடுவான்.

ஆனா ஒண்ணு சொல்லணும் அண்ணே. ரொம்ப வருஷமா ஒரே போட்டுல ஒரே ஆளுங்க போறாங்கன்னு பார்த்துட்டு ஆஹா என்ன ஒத்துமைன்னு நினைச்சிடக் கூடாது. பல இடத்துல முதலாளிகிட்ட முன்பணம் வாங்கியிருப்பான், அதைக் கழிக்காம வேற போட்டுக்குப் போக முடியாது. சேர்ந்து நிக்கறது வேற, கட்டிப் போட்டு வச்சிருக்கறது வேற. வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால ஒரு குழு எத்தனை வருஷம் ஓடிச்சுங்கறதை மட்டும் வச்சு அது நல்ல குழுன்னு சொல்லிட முடியாதுன்னு நினைக்கறேன்.

பவானி_ஜமக்காளம்:
எனக்கு இதுல உடன்பாடு இல்லைங்க. உழுதவன் கணக்கு பார்த்தா உழக்கு கூட மிஞ்சாதுன்னு சும்மாவா சொன்னாங்க? எங்க குடும்பம் உடைஞ்சதே கணக்குனாலதான். அப்பாவும் சித்தப்பாக்களும் ஒண்ணா தறி ஓட்டிட்டு இருந்தாங்க, நூலு, சாயம், கூலி எல்லாம் ஒரே கல்லா. அப்பெல்லாம் யாரும் எதுவும் எழுதி வைக்கல, அவங்கவங்களுக்கு வேணுங்கறதை எடுத்தாங்க, நல்லாத்தான் போச்சு. அப்புறம் கல்யாணங்கள் வந்துச்சு, உன் பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்தது எவ்வளவு, என் பையன் ஃபீஸுக்கு எடுத்தது எவ்வளவுன்னு ஆளாளுக்கு நோட்டு போட ஆரம்பிச்சாங்க, அன்னிக்குப் பிடிச்சது சனி. மூணு பேரு மூணு நோட்டு வச்சிருந்தாங்க, மூணுலயும் மூணு தொகை. கணக்குங்கறது மனுஷனைப் பிரிக்கத்தான் செய்யும்ங்க. விட்டுக் கொடுத்துப் போறவன் ஒருத்தன் இருந்தாத்தான் குடும்பம் நிக்கும்.

வத்தல்மலை:
பவானி அண்ணா, உங்க வருத்தம் புரியுது. ஆனா நீங்க எழுதுனதையே திரும்பப் படிச்சுப் பாருங்க, மூணு பேரு மூணு நோட்டு, அதுவும் கல்யாணம் எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம், பழசை எல்லாம் ஞாபகத்துல இருந்து எழுதினது. அது எல்லாருக்கும் பொதுவான கணக்கு இல்லையே, ஆளாளுக்கு சேர்த்து வச்ச ஆதாரம். எங்கம்மா குழுவுல ஒரே நோட்டுதான், அது எல்லாருக்கும் முன்னாடி, அன்னன்னிக்கே எழுதினது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு அதே நம்ம ஆளுங்கதானே சொல்லி வச்சிருக்காங்க. முதல் கல்யாணத்துக்கு எடுத்த அன்னிக்கே மூணு பேரும் உட்கார்ந்து இது கடனா, பொதுச் செலவான்னு ஒரு வார்த்தை பேசியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிக்கறேன்.

செந்தாமரை_72:
ரவிக்கை தைக்கற வேலையை ஓரமா வச்சுட்டு எழுதறேன் தம்பி, இந்தப் பேச்சை விட முடியல. நான் எங்க குழுவுல ஊக்குநரா இருந்தேன், அப்புறம் ஊராட்சியில இருக்கற குழுக்கள் எல்லாம் சேர்ந்த கூட்டமைப்புலயும் இருந்தேன், நிறைய குழுவோட நோட்டு என் கையில புரண்டிருக்கு.

கணக்கு முக்கியம்தான், அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா கணக்குக்கும் முன்னாடி ஒண்ணு இருக்கு, அது வருகை. உடையப் போற குழுவை நான் பணத்தை வச்சுக் கண்டுபிடிக்க மாட்டேன், கூட்டத்துக்கு யாரு வரலங்கறதை வச்சுத்தான் கண்டுபிடிப்பேன். தவணை கட்ட முடியாதவ மொதல்ல என்ன பண்ணுவா? கூட்டத்துக்கு வர மாட்டா. தலைவலி, விருந்தாளி வந்திருக்காங்க, பையனுக்கு ஜுரம்னு சொல்லி பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சந்தாவை மட்டும் குடுத்து விடுவா. அடுத்த வாரம் சந்தாவும் வராது. மூணாவது வாரம் ரோட்டுல பார்த்தா வேற சந்துல போயிடுவா. அவ வராத கூட்டத்துல மத்தவங்க அவளைப் பத்திப் பேசுவாங்க, பேசினது அவ காதுக்குப் போகும், போகும்போது ரெண்டு மடங்காப் போகும், அதுக்கு மேல அவ எப்படி வருவா சொல்லுங்க.

அதனால எங்க குழுவுல ஒரு சட்டம் வச்சோம்: பணம் இல்லாட்டி பரவாயில்ல, ஆளு வந்தாகணும். பணம் கட்டாததுக்கு அபராதம் கிடையாது, சொல்லாம வராததுக்கு அபராதம் உண்டு. சின்னத் தொகைதான், ஆனா வாங்காம விட்டதில்ல, என்கிட்டயும் வாங்கியிருக்காங்க.

ஒரு தடவை எங்க குழுவுல ஒருத்திக்கு வீட்டுக்காரர் கட்டட வேலையில சாரத்துல இருந்து விழுந்துட்டாரு. அவ பேருல அப்பத்தான் கடன் குடுத்திருந்தோம். கூட்டத்துக்கு வந்தா, முந்தானையை இழுத்துப் பிடிச்சுட்டு நின்னா, உட்காரவே இல்ல. நான் "உட்காரு, நீயே சொல்லு"ன்னேன். அவளே சொன்னா, இவ்வளவுதான் என்னால முடியும், தையல் கூலி வந்தா வட்டி கட்டறேன், அசலுக்கு வழியில்லன்னு. ஒருத்தி எழுந்து "அப்ப நாளைக்கு எனக்கும் இப்படி ஆச்சுன்னா இதே சலுகை தருவீங்களா"ன்னு நேராக் கேட்டுட்டா. கேட்டது நல்லதுக்குத்தான். அன்னிக்கு சாயங்காலம் விளக்கு வச்சதுக்கு அப்புறமும் பேசினோம். கடைசியில தீர்மான நோட்டுல எழுதினோம், வீட்டுல பெரிய வைத்தியம், சாவு வந்தா அசலை நிறுத்தி வைக்கலாம், வட்டியும் சந்தாவும் விடக் கூடாது, எத்தனை மாசம்னு கூட்டம் முடிவு பண்ணும், இது எல்லாருக்கும் பொருந்தும்னு. எல்லாரும் கையெழுத்து, ரேகை வச்சாங்க. அவ அசலை முழுசா அடைச்சா. ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல, அந்தத் தீர்மானத்தை அப்புறம் அந்தக் கேள்வி கேட்டவளே ஒரு தடவை பயன்படுத்திக்கிட்டா.

பவானி தம்பி சொன்ன விட்டுக் கொடுக்கறதும் வேணும்தான். ஆனா விட்டுக் கொடுக்கறதை எல்லாரும் சேர்ந்து, தெரிஞ்சு, எழுதிக் கொடுத்தா அது குழுவோட பலம். ஒருத்தரே எப்பவும் வாயை மூடிட்டு விட்டுக் கொடுத்தா அவங்க மனசுல அது சேர்ந்துட்டே இருக்கும், ஒரு நாள் வெடிக்கும்.

கைநாட்டு_கவுண்டர்:
நான் ஒரு பொதுத்துறை பேங்க்ல கிராமக் கிளைகள்ல ஃபீல்டு ஆபீஸரா இருந்து ரிட்டயர் ஆனவன். செந்தாமரை அம்மா சொன்ன ஒவ்வொரு வரிக்கும் நான் சாட்சி.

1992ல நபார்டு, அதான் விவசாயம், கிராம வளர்ச்சிக்கான தேசிய வங்கி, 500 குழுக்களை பேங்க்கோட இணைக்கற சோதனைத் திட்டம் ஆரம்பிச்சப்போ எங்க ஆளுங்க நிறைய பேருக்கு நம்பிக்கையே இல்ல, சொத்து ஈடு இல்லாம எப்படிக் கடன் குடுக்கறதுன்னு. அப்புறம் பஞ்ச சூத்திரம்னு அஞ்சு விஷயம் பார்க்கச் சொன்னாங்க: தவறாம கூட்டம், தவறாம சேமிப்பு, உள்ளுக்குள்ள கடன் சுழற்சி, நேரத்துக்குத் திருப்பிக் கட்டறது, கணக்குப் புத்தகம். குழுவுல 20 பேருக்கு மேல கூடாதுன்னு இருந்ததுக்கு சட்டக் காரணம் இருந்துச்சு, அதுக்கு மேல போனா பதிவு பண்ணணும், ஆனா நடைமுறையிலயும் அது நல்ல அளவு. அதுக்குள்ள இருந்தாத்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துப் பேச முடியும்.

தரம் பார்க்கப் போகும்போது நான் ஊக்குநர்கிட்ட எதுவும் கேட்க மாட்டேன், அவங்க மனப்பாடம் பண்ணி வச்சிருப்பாங்க. மூலையில உட்கார்ந்திருக்கற, பேசவே பேசாத அம்மாகிட்டதான் கேட்பேன், உங்க சேமிப்பு எவ்வளவு இருக்குங்க, குழுவுல இப்ப யாரு பெரிய கடன் வாங்கியிருக்காங்கன்னு. அவங்க பதில் சொல்லிட்டா எனக்குப் போதும், நோட்டைப் புரட்டறது அப்புறம்தான். வருகைப் பதிவேட்டுல எல்லாக் கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வுன்னா வீட்டுல உட்கார்ந்து போட்டதுன்னு அர்த்தம்.

குழுவை உடைச்ச இன்னொரு காரணமும் பார்த்திருக்கேன், அது வெளியில இருந்து வர்ற பணம். ஆரம்பத்துல சேமிப்புக்கு ஒரு மடங்கு, போகப் போக நாலு மடங்கு வரைக்கும்தான் கடன்னு கணக்கு இருந்துச்சு, அது நல்ல கணக்கு, ஏன்னா தன்னோட காசு உள்ள இருக்குங்கற பயமும் உரிமையும் இருக்கும். இலக்கு முடிக்கணும்னு அவசரத்துல திடீர்னு பெரிய தொகை உள்ள வந்தா, அதுவரைக்கும் வாராவாரம் கூடிப் பேசி வளர்ந்த குழு, பணத்தைப் பிரிச்சுக்கற கூட்டமா மாறிடும். ஆந்திராவுல 2010ல மைக்ரோ ஃபைனான்ஸ் நெருக்கடி வந்து அவசரச் சட்டம் வரைக்கும் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ஒரே பொம்பளைக்கு நாலஞ்சு கம்பெனி கடன் குடுத்துட்டு, குழுவுல இருக்கற மத்தவங்களையே வசூலுக்கு அனுப்பினாங்க. பேருக்கு அதுவும் குழுதான். ஆனா யாரைச் சேர்க்கறது, எவ்வளவு குடுக்கறது, கட்ட முடியாதவங்களை என்ன பண்றது, இதுல எதையும் அந்தப் பொம்பளைங்க முடிவு பண்ணல. முடிவு பண்ற உரிமை இல்லாம பொறுப்பை மட்டும் தலையில ஏத்தினா பக்கத்து வீட்டுக்காரி விரோதி ஆயிடுவா. பங்களாதேஷ்ல, குழுக் கடனுக்கு முன்னோடியான கிராமீன் வங்கியே அஞ்சஞ்சு பேர் குழுன்னு ஆரம்பிச்சு, பின்னாடி ஒருத்தர் கடனுக்கு மத்தவங்க பொறுப்புங்கற பிடியைத் தளர்த்திட்டாங்க.

நிலாமுற்றம்:
எல்லாரும் பணத்தைப் பத்தி நல்லா எழுதறீங்க. நான் கொஞ்சம் கசப்பான ஒண்ணைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

கூட்டுக் குடும்பம் ஒத்துமையா இருந்துச்சுன்னு ஆம்பளைங்க எழுதும்போதெல்லாம் எனக்கு எங்க பாட்டி வீட்டு அடுப்படிதான் ஞாபகம் வரும். அந்த ஒத்துமைக்காகக் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நின்னது நாலு மருமகங்க. கல்லாவுல யாரு எவ்வளவு எடுத்தாங்கன்னு சண்டை வந்துச்சே, அடுப்படியில யாரு எவ்வளவு நேரம் நின்னாங்கன்னு எந்த நோட்டுலயாவது இருந்துச்சா? பவானி அண்ணா, உங்க வீட்டுல கணக்கு இல்லாம நல்லாப் போச்சுன்னு சொன்ன அந்தக் காலத்தை உங்கம்மாகிட்டயும் சித்திங்ககிட்டயும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

சொத்துலயும் அப்படித்தான். தமிழ்நாட்டுல 1989லயே சட்டம் மாத்தி, அதுக்கு முன்னாடி கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்குப் பூர்வீகச் சொத்துல சம பங்கு குடுத்தாச்சு, 2005ல நாடு முழுக்க வந்துச்சு. ஆனா எத்தனை வீட்டுல தங்கச்சியைக் கூப்பிட்டு, புடவை எடுத்துக் குடுத்து, "அண்ணன் தம்பிங்க உறவு முக்கியமா, நிலம் முக்கியமா"ன்னு கேட்டு, என் பங்கு வேண்டாம்னு எழுதிக் குடுக்கற விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கறாங்க! கையெழுத்து போட்டா குடும்பம் நிக்குது, போடலன்னா அவதான் குடும்பத்தை உடைச்சவ. ஒருத்தரோட பங்கை எடுத்துக்கிட்டு நிக்கற குடும்பத்தை நிக்குதுன்னு நான் சொல்ல மாட்டேன். கரைவலை தம்பி சொன்ன முன்பணம் மாதிரிதான் இதுவும், இங்க பாசத்தைக் காட்டிக் கட்டிப் போடறாங்க, அவ்வளவுதான்.

பவானி_ஜமக்காளம்:
நிலாமுற்றம், நீங்க சொன்னதுல கோபம் இல்லைங்க. நேத்து அம்மாகிட்ட போன்ல கேட்டேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம் "தறி நின்னா உங்கப்பாவுக்கு ஓய்வு, எங்களுக்கு ஏது, அன்னிக்குத்தான் எல்லாரும் வீட்டுல இருப்பீங்க, சமையல் இன்னும் ஜாஸ்தி"ன்னாங்க. ராட்டை சுத்தி நூல் போட்டது முழுக்க அவங்கதான், அதுக்குக் கூலின்னு யாரும் எடுத்து வச்சதே இல்லையாம்.

ஆனாலும் நான் சொன்னதை முழுசா விட்டுட மாட்டேன். சித்தப்பா இன்னிக்கும் ஊருல இருந்து வந்தா எனக்குன்னு முறுக்கு வாங்கிட்டு வருவாரு. அது எந்தக் கணக்குலயும் வராது.

இணுவில்_பெடியன்:
நான் யாழ்ப்பாணம், இப்ப டொரண்டோவில இருக்கிறன். எங்கட ஆக்கள் இங்க ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம் எண்டு நிறைய வச்சிருக்கினம். அதுகள் ஏன் உடையுது எண்டு நானும் கன காலமா யோசிச்சுக் கொண்டு வாறன்.

எனக்குத் தெரிஞ்ச வரையில சங்கம் ஒண்டு ஊருக்கு ஏதாவது ஒரு வேலையைக் கையில எடுத்து, பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம், வாசிகசாலை, கிணறு இறைக்கிற மெஷின் எண்டு செய்து கொண்டிருக்கிற வரைக்கும் நல்லாப் போகும். அந்த வேலை முடிஞ்சு, வருசத்துக்கு ஒருக்கா ஒண்டுகூடலும் சாப்பாடும் மட்டும் எண்டு வந்தவுடன ஆர் தலைவர், ஆர் மேடையில முன்னுக்கு இருக்கிறது எண்டு பிரச்சினை தொடங்கும். பிறகு ஒரே ஊருக்கு ரெண்டு சங்கம். இன்னொண்டு, ஒரே ஆள் கன வருசம் பொருளாளரா இருக்கிறது. அவர் நேர்மையான மனுசனாத்தான் இருப்பார், ஆனா கணக்கு அவற்ற தலைக்குள்ள மட்டும் இருக்கும். அவர் விலகினா சங்கமும் சரி.

செந்தாமரை அக்கா, உங்கட குழுவில ஊக்குநர் மாறுறது எப்பிடி நடந்தது? மாற மாட்டன் எண்டு ஆரும் நிக்கேல்லையோ?

ஓடைக்கரை:
இந்த விவாதத்துல ஒரு வெளிநாட்டு உதாரணம் சேர்க்கறேன், ஏன்னா பணமே இல்லாத இடத்துலயும் இதே விஷயம் வருது. ஸ்பெயின்ல வலென்சியான்னு ஊரு, அங்க வாய்க்கால் பாசனத் தகராறுகளுக்குன்னு விவசாயிகளே நடத்தற தண்ணீர் நீதிமன்றம் ஒண்ணு பல நூறு வருஷமா இருக்கு. வியாழக்கிழமை மத்தியானம் அங்க இருக்கற பெரிய கோவில் வாசல்ல கூடுவாங்க, வக்கீல் கிடையாது, வாய்வார்த்தையா விசாரணை, அங்கயே தீர்ப்பு, தீர்ப்பு சொல்றவங்களும் விவசாயிங்களே தேர்ந்தெடுத்தவங்க. தெருவுல போறவங்க யாரு வேணா நின்னு பார்க்கலாம். 2009ல யுனெஸ்கோவோட பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க. அதே வருஷம் பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கின எலினோர் ஆஸ்ட்ரம், அந்தப் பரிசை வாங்கின முதல் பெண், அவங்க ஆராய்ச்சி பண்ணது இந்த மாதிரி பாசனம், காடு, மீன்பிடிப்புன்னு பொதுவான ஒண்ணை மக்களே சேர்ந்து காப்பாத்தற குழுக்களைத்தான். ரொம்ப காலம் நிக்கற இடங்கள்ல அவங்க பார்த்தது: சட்டத்தை அதுல இருக்கறவங்களே போட்டிருப்பாங்க, கண்காணிக்கறவங்களும் அவங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவங்க, தப்பு பண்ணா முதல் தண்டனை ரொம்பச் சின்னது, திரும்பத் திரும்பப் பண்ணாத்தான் ஏறும், தகராறைத் தீர்க்கப் பக்கத்துலயே ஒரு இடம் இருக்கும்.

செந்தாமரை அம்மாவோட சின்ன அபராதத்தைப் படிச்சதும் எனக்கு இதுதான் தோணுச்சு. நம்ம ஏரிப் பாசனத்துல நீர்க்கட்டின்னு ஒருத்தர் இருப்பாரே, மடையைத் திறக்க மூட, அவருக்குக் கூலி அறுவடையில எல்லாரும் நெல்லாக் குடுப்பாங்க. வேலைக்கு எல்லாரும் கூலி குடுத்ததால அவரு யாரோ ஒருத்தருக்கு மட்டும் ஆளா ஆக முடியாது. கிணறும் மோட்டாரும் பெருகி ஏரியை நம்பாதவங்க அதிகமானப்போ அந்த ஏற்பாடு பல ஊர்ல போயிடுச்சு. இதை நான் ரொம்பப் பெரிய விஷயமா நினைக்கறேன்: ஒருத்தரை ஒருத்தர் நம்பித்தான் ஆகணும்ங்கற நிலைமை இருந்தப்போ குழு இருந்துச்சு, வசதி வந்ததும் வசதி உள்ளவன் முதல்ல விலகினான், மிச்சம் இருந்தவங்களால தூர் வார முடியல.

செந்தாமரை_72:
இணுவில் தம்பி கேட்டதுக்குப் பதில். மாற மாட்டேன்னு நிக்காம இருப்பாங்களா, எங்கயும் உண்டு. மாத்தணும்னு விதி இருந்தாலும் "அவளுக்குத்தான் எழுதத் தெரியும், பேங்க்ல பேசத் தெரியும்"னு சொல்லி ஒருத்தியே தொடர்றதுதான் வழக்கம். நாங்க பண்ணது என்னன்னா, நோட்டு எழுதறப்போ பக்கத்துல ஒருத்தி உட்காரணும், பேங்க்குக்குப் போறப்போ ஒவ்வொரு தடவையும் வேற ஒருத்தி கூட வரணும். ரெண்டு வருஷத்துல பேங்க் மேனேஜர்கிட்ட கூச்சமில்லாமப் பேசற ஆளு பாதிக்கு மேல ஆயிட்டாங்க. அப்புறம் மாத்தறது கஷ்டமா இல்ல. நான் விட்டப்போ எனக்கு அழுகை வந்துச்சு, அது உண்மை, ஆனா அந்தக் குழு நான் இல்லாமயும் நடக்குதுங்கறதைவிட எனக்கு வேற பெருமை எதுவும் இல்ல.

இன்னொண்ணும் சொல்லணும், இங்க யாரும் இன்னும் பேசல. வெளிய போறது. பொண்ணு கல்யாணம் ஆகி வேற ஊருக்குப் போவா, வயசாகி முடியாமப் போகும், சில பேருக்குப் பிடிக்காமப் போகும். அப்படிப் போறவங்களை எப்படி அனுப்பறீங்கன்னு பாருங்க. சில குழுவுல போறேன்னு சொன்னதும் துரோகி ஆக்கிடுவாங்க, சேமிப்பைக் குடுக்காம இழுத்தடிப்பாங்க. அதைப் பார்த்துட்டு இருக்கற மத்தவ என்ன நினைப்பா? நாளைக்கு நமக்கும் இதுதானேன்னு நினைப்பா, மெதுவா சந்தாவைக் குறைச்சுப்பா, கடனைக் கட்டாமப் பிடிச்சு வச்சுப்பா. எங்க குழுவுல ஒருத்தி கோவிச்சுட்டு விலகினா, என்கூடத்தான் சண்டை. அடுத்த கூட்டத்துக்கே அவளைக் கூப்பிட்டு, சேமிப்பு, வட்டிப் பங்கு எல்லாம் நோட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டு, எல்லாருக்கும் முன்னாடி எண்ணிக் குடுத்தோம். வாங்கிட்டுப் போனா. அதுக்கப்புறம் அவ மருமகளை எங்க குழுவுல வந்து சேர்த்து விட்டா.

மூணாவது_பையன்:
நான் இதுவரைக்கும் படிச்சுட்டு மட்டும் இருந்தேன். ஒரு யோசனை கேட்கணும், இது என் வீட்டு விஷயம்.

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து படுக்கையில இருக்காரு, அம்மா இல்ல. நாங்க நாலு பேரு, ரெண்டு அண்ணன், நான், ஒரு அக்கா. அப்பா அக்கா வீட்டுல இருக்காரு. பெரிய அண்ணன் மாசம் பெரிய தொகை அனுப்பறாரு, சின்ன அண்ணனுக்கு வேலை போய் ஒரு வருஷம் ஆச்சு, அவரால முடியல, அதனால குடும்ப வாட்ஸப் குரூப்புல எதுவுமே பேச மாட்டேங்கறாரு. நான் நடுவுல. அக்கா எதுவும் கேட்கறதில்ல, ஆனா போன தடவை போனப்போ அக்கா ரொம்ப இளைச்சுப் போயிருந்தாங்க. நாங்க எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் உயிரா இருந்தவங்கதான். இந்த இழையைப் படிக்கப் படிக்க பயமா இருக்கு.

செந்தாமரை_72:
தம்பி, பயப்படாத. நீ எழுதினதுலயே எல்லாம் இருக்கு. சின்ன அண்ணன் குரூப்புல பேசறதில்லன்னு சொன்ன பாரு, அதுதான் நான் சொன்ன கூட்டத்துக்கு வராத ஆளு. அவருக்கு முதல்ல நீ தனியா போன் பண்ணு. பணத்தைப் பத்தி எடுக்காத, அப்பாகூட வந்து ஒரு வாரம் இருக்க முடியுமான்னு கேளு. பணம் இல்லாதவருக்கு நேரம் இருக்கு, அதுவும் பங்குதான், அதை எல்லாரும் பங்குன்னு வாயால சொல்லணும்.

ரெண்டாவது, அக்காகிட்ட செலவு எவ்வளவு ஆகுதுன்னு கேட்காத, "ஒண்ணும் ஆகலடா"ன்னுதான் சொல்லுவாங்க. நீயே போய் ரெண்டு மூணு நாள் தங்கி, டயப்பர், மருந்து, பிசியோ, பால், கரண்ட்டு எல்லாம் எழுது. ராத்திரி அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க எத்தனை தடவை எழுந்திரிக்கறாங்கன்னும் எழுது. மச்சான்கிட்டயும் உட்கார்ந்து பேசு, அவரு வீடு அது.

நிலாமுற்றம்:
செந்தாமரை அம்மா சொன்னதோட ஒண்ணு சேர்க்கறேன். பகலுக்கு ஒரு ஆள் வைக்கறதுக்கு ஆகற சம்பளத்தை விசாரிச்சு, அந்தத் தொகையை அண்ணன் முன்னாடி சொல்லுங்க. அக்கா செய்யற வேலைக்கு விலை வைக்கறதுக்காக இல்ல, பெரிய அண்ணன் "நான்தான் அதிகம் குடுக்கறேன்"னு நினைச்சுட்டு இருந்தா அவருக்கும் நிலைமை தெரியணும். அப்புறம் அக்காவுக்கு மாசத்துல ரெண்டு நாள் முழு ஓய்வு, அந்த நாள்ல யாரு வர்றதுன்னு பேர் போட்டு எழுதிடுங்க. சொத்து எதாவது இருந்தா, அப்பாவுக்குத் தெளிவு இருக்கும்போதே, அவரு மனசுல என்ன இருக்குன்னு நாலு பேரும் ஒண்ணா இருந்து கேட்டுடுங்க. அக்காவையும் உட்கார வச்சு.

கைநாட்டு_கவுண்டர்:
அப்பாவோட பேங்க் கணக்குக்கு நாமினி யாருன்னு பார்த்துடுங்க தம்பி. அவரு கையெழுத்து போட முடியாத நிலைமைன்னா கிளையில சொன்னா பெருவிரல் ரேகை வச்சு நடத்த வழி இருக்கு, வீட்டுக்கே வந்து பார்ப்பாங்க. ஏடிஎம் கார்டு யாராவது ஒருத்தர் கையில மட்டும் இருந்து, எடுத்தது என்னன்னு மத்தவங்களுக்குத் தெரியாம இருந்தா அதுலதான் நிறைய வீட்டுல சண்டை ஆரம்பிச்சதைப் பார்த்திருக்கேன்.

மூணாவது_பையன்:
கார்டு அக்கா வீட்டுக்காரர்கிட்ட இருக்கு. அவரு நல்ல மனுஷன், இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. ஸ்டேட்மென்ட்டை மாசாமாசம் குரூப்புல போடலாமான்னு அவரையே கேட்கறேன், அவரே போட்டா நல்லா இருக்கும்.

சின்ன அண்ணனுக்கு இப்பத்தான் போன் பண்ணேன். ரொம்ப நேரம் பேசினோம். வியாழக்கிழமை பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொல்லியிருக்காரு. நான் வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பறேன். பெரிய அண்ணன் துபாய்ல இருக்காரு, அவருக்கு லீவு ஞாயித்துக்கிழமைதான், அன்னிக்கு வீடியோ கால்ல வரச் சொல்லியிருக்கு. நாலு பேரும் சேர்ந்து பேசறோம், அப்பா பக்கத்துலயே.

செந்தாமரை_72:
ஒரு நோட்டு வாங்கிட்டுப் போ தம்பி, போன்ல வேண்டாம். அக்கா வீட்டு ஹால்ல எல்லாரும் எடுத்துப் பார்க்கற இடத்துல வை. என்ன முடிவு பண்ணீங்கன்னு வந்து எழுது.

வத்தல்மலை:
ஆமா, எழுதுங்க. அம்மாகிட்ட இந்த இழையைப் படிச்சுக் காட்டிட்டு இருக்கேன், உங்க அக்காவைப் பத்தி ரெண்டு தடவை கேட்டாங்க.